பாட்டில் ஐஸ் காபியை முதல்முறை வாங்கிக் குடித்துப் பார்ப்பது எப்படி?

பாட்டில் ஐஸ் காபியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில் மடமடவென்று குடித்து முடித்தால் தாகம் தீரும். அது நல்ல காபியா இல்லையா என்பது தெரியாமலே போய்விடும். குளிருக்கு நிறைய விஷயங்களை மறைக்கும் சக்தி உண்டு. அதனால் பாதியைக் குளிரக் குளிரக் குடியுங்கள், மீதியைக் கொஞ்சம் குளிர் விட்டபின் குடியுங்கள். இரண்டாவது பாதிதான் உள்ளதை உள்ளபடி சொல்லும். நான் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான்.

என் வேலை ஒரு பானத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில். பழச்சாறு, பால் பானம், காபி என்று எதுவானாலும் எங்கள் மேஜையில் ஒரு மடக்கு குடித்துப் பார்த்த பிறகுதான் வெளியே போகும். ஒரே நாளில் நிரப்பிய பாட்டில்களைப் பிரித்து, குளிரில் கொஞ்சம், அறை வெப்பத்தில் கொஞ்சம், 37 டிகிரி அலமாரியில் கொஞ்சம் என்று அடுக்கிவிடுவோம். பிறகு மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். ஒரே காபி மூன்று இடத்தில் மூன்று விதமாக வயதாகும். சூடான அலமாரியில் இருந்தது முதலில் வாசனையை இழக்கும், அப்புறம் புளிப்பு ஏறும், பால் கலந்ததாக இருந்தால் நிறமும் கருக்கும். இதைப் பார்த்துப் பழகிய கண், கடைக்குப் போனாலும் பாட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்றுதான் முதலில் தேடும். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

கடையில்: குளிர் அலமாரியா, வெளி அலமாரியா?

பாட்டில் காபி இரண்டு சாதி. ஒன்று, திறக்கும்வரை வெளியிலேயே வைக்கக்கூடியது. இன்னொன்று, ஆலையிலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை குளிரிலேயே இருக்க வேண்டியது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே குளிர் அலமாரியில் நிற்கலாம். அதனால் நிற்கும் இடத்தை வைத்து முடிவு கட்டாமல் லேபிளில் 'குளிரில் வைக்கவும்' என்று இருக்கிறதா, 'திறந்தபின் குளிரில் வைக்கவும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் இரண்டுக்கும் உள்ளே நடந்திருப்பது வேறு வேறு.

காபி பார்க்கத்தான் புளிப்பானது. புளிப்பை அளக்கும் பிஹெச் எண்ணில் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) அது 5-ஐ ஒட்டி இருக்கும். பால் சேர்த்தால் இன்னும் மேலே போகும். பிஹெச் 4.6-க்குக் கீழே இருந்தால்தான் போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளராது. காபி அந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. ஆகவே வெளியில் வைத்து விற்க வேண்டுமென்றால் ஆலையில் கடுமையாகச் சூடுபடுத்தியே ஆக வேண்டும். பாட்டிலில் அடைத்து மூடியபின் 120 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகவைப்பார்கள். அல்லது 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் மட்டும் சூடேற்றி, கிருமி நீக்கிய பாட்டிலில் நிரப்புவார்கள். முதல் முறையில் காபி அதிக நேரம் வேகும், சமைத்த வாசனை ஏறும். இரண்டாவது முறையில் வாசனை கொஞ்சம் தப்பிக்கும். குளிரிலேயே விற்கும் பாட்டிலுக்கு இவ்வளவு சூடு தேவைப்படாது, அதனால் வாசனை நன்றாக இருக்கும். ஆனால் ஆயுள் குறைவு, நடுவில் யாராவது வெயிலில் வைத்துவிட்டால் அபாயமும் அதற்குத்தான்.

முதல்முறை என்றால் என் யோசனை இது. பால், சர்க்கரை எதுவும் இல்லாத கறுப்புக் காபி ஒன்று, பால் கலந்தது ஒன்று, இரண்டையும் வாங்குங்கள். கறுப்புக் காபியில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. காபி சுமாராக இருந்தால் சுமார் என்று உடனே தெரிந்துவிடும். பால் கலந்ததில் பால், சர்க்கரை, மணச்சேர்க்கை என்று பல பேர் சேர்ந்து பேசுவார்கள். வனிலா, காரமெல், ஹேசல்நட் மாதிரி மணம் சேர்த்தவற்றை முதல் முறைக்கு வேண்டாம் என்பேன். அவை கெட்டவை என்பதற்காக அல்ல, அடியில் இருக்கும் காபியை அவை பேசவிடாது.

ஒரு எச்சரிக்கை. 'கான்சன்ட்ரேட்' என்று எழுதிய பாட்டிலும் அதே அலமாரியில், ஏறக்குறைய அதே உருவத்தில் இருக்கும். அது தண்ணீரோ பாலோ கலந்து குடிக்க வேண்டிய கெட்டிச் சாறு. அப்படியே குடித்தால் கசப்பும் தாங்காது, காஃபினும் எகிறும். லேபிளில் எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்று போட்டிருப்பார்கள், அதன்படி கலக்கினால் நல்ல காபிதான்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் பின்பக்கம் திருப்புங்கள்

பொருட்களின் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதுவதுதான் பொதுவான முறை. 'தண்ணீர், பால், சர்க்கரை, காபித் தூள்' என்று பார்த்ததும் சர்க்கரை முந்திவிட்டதே என்று பலர் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். இன்ஸ்டன்ட் தூள் போட்டுச் செய்த காபியில் தூளின் எடை எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும். இன்னொரு பாட்டிலில் 'வடித்த காபி' என்று முதலிடத்தில் இருக்கும். அது தண்ணீரையும் சேர்த்த எடை, அதனால் முதலிடம் பிடித்துவிடுகிறது. வரிசையைவிட சதவீதம் உதவியாக இருக்கும். 250 மில்லி பாட்டிலில் இன்ஸ்டன்ட் காபி 1.2 சதவீதம் என்றிருந்தால் 3 கிராம் தூள். அது ஒரு கோப்பைக்குத் தாராளமான அளவு. 0.4 சதவீதம் என்றிருந்தால் ஒரு கிராம்தான், அது காபி வாசம் உள்ள பால்.

காபி எவ்வளவு இருந்தால் அதைக் காபி என்று அழைக்கலாம் என்பதற்கு ஜப்பானில் தெளிவான கோடு போட்டிருக்கிறார்கள். 100 கிராம் பானத்துக்குப் பச்சைக் காபிக்கொட்டைக் கணக்கில் 5 கிராமோ அதற்கு மேலோ பயன்படுத்தியிருந்தால் 'காபி'. 2.5 முதல் 5-க்குள் என்றால் 'காபி பானம்'. 1 முதல் 2.5-க்குள் என்றால் 'காபி கலந்த குளிர்பானம்'. அலமாரியில் ஒன்றுபோல் நிற்கும் பாட்டில்களுக்குள் காபியின் அளவு ஐந்து மடங்கு வரை வித்தியாசப்படலாம் என்பதை இந்த மூன்று பெயரே சொல்லிவிடுகின்றன. எந்த நாட்டு லேபிளைப் படிக்கும்போதும் இந்த மூன்று படிகளை மனதில் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது சர்க்கரை. இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, 100 மில்லிக்குப் போட்டிருக்கும் எண்ணை முழு பாட்டிலுக்கும் உரியது என்று படித்துவிடுவது. இரண்டாவது, பால் கலந்த காபியில் உள்ள சர்க்கரை முழுவதும் சேர்த்த சர்க்கரை என்று நினைத்துவிடுவது. பாலிலேயே 100 மில்லிக்கு 5 கிராமை ஒட்டி லாக்டோஸ் உண்டு, 'மொத்தச் சர்க்கரை' என்ற எண்ணில் அதுவும் அடங்கும். 250 மில்லி பாட்டிலில் பாதி பால் என்று வைத்துக்கொள்ளுங்கள், 6 கிராம் பாலின் சொந்தச் சர்க்கரை. லேபிளில் மொத்தம் 24 கிராம் என்றிருந்தால் சேர்த்தது 18 கிராம், தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் நாலரைத் தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கொடுத்த வழிகாட்டுதல்படி, சேர்த்த சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும் நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். ஒரே பாட்டிலில் அதில் முக்கால்வாசி போய்விடுகிறது என்று தெரிந்து குடிப்பது வேறு, தெரியாமல் குடிப்பது வேறு.

'சர்க்கரை சேர்க்காதது' என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்தால், பின்பக்கம் சுக்ரலோஸ், அசெசல்ஃபேம், ஸ்டீவியா போன்ற மாற்று இனிப்புகள் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இருந்தால் தப்பில்லை, குடிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான்.

பட்டியலின் கடைசியில் வரும் பெயர்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். கராஜீனன் (லேபிளில் அதன் சேர்க்கை எண் 407) சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது, ஜெல்லன் (418) நொதித்தல் முறையில் கிடைப்பது. இரண்டும் பாலும் காபியும் பிரியாமல் தாங்கிப் பிடிக்கும், வாயில் வழவழப்பும் தரும். பொட்டாசியம் பாஸ்பேட் (340), சோடியம் பைகார்பனேட் (500) ஆகியவை காபியின் அமிலம் பாலைத் திரித்துவிடாமல் தடுக்கும். சுடுகாபியில் பால் ஊற்றி உடனே குடிக்கும்போது இவற்றுக்கு வேலையே இல்லை. அதே கலவையை 120 டிகிரியில் வேகவைத்து மாதக்கணக்கில் நிற்க வைக்கும்போது இவை இல்லாவிட்டால் பால் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

இந்தத் தொல்லை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஜப்பானின் யூசிசி நிறுவனம் 1969-இல் பால் கலந்த காபியை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. அதன் நிறுவனர் உஎஷிமா தடாவோ ரயில் நிலையக் கடையில் பாட்டிலில் காபிப் பால் வாங்கினாராம். காலி பாட்டிலைக் கடையிலேயே திருப்பித் தர வேண்டிய காலம் அது. வண்டி கிளம்பிவிட்டதால் பாதியிலேயே வைத்துவிட்டு ஏற வேண்டியதாகிவிட்டது, அந்த ஏக்கத்தில் பிறந்த யோசனைதான் டப்பாக் காபி என்று அந்த நிறுவனம் தன் வரலாற்றில் சொல்கிறது. செய்து பார்த்தபோது பாலும் காபியும் பிரிந்தன, சூடேற்றியதில் சுவை மாறியது, டப்பாவின் இரும்பு காபியோடு சேர்ந்து பானம் கறுத்தது. மூன்றாவது தொல்லை உட்பூச்சு பூசிய டப்பாவோடு தீர்ந்துவிட்டது. முதல் இரண்டும் இன்றைக்கும் எங்கள் மேஜைக்கு வருகின்றன. ஸ்டார்பக்ஸும் பெப்சிகோவும் கூட்டுச் சேர்ந்து 1996-இல் கண்ணாடி பாட்டிலில் ஃப்ராப்புச்சினோ என்ற பால் கலந்த குளிர் காபியைக் கொண்டுவந்தபோது அமெரிக்காவில் இந்த வகை பரவலானது. இப்போது நீங்கள் பாட்டிலைத் திறந்து சோதிக்கப்போவதும் அதே இரண்டைத்தான்: பிரிந்திருக்கிறதா, சூடு பட்ட சுவை தெரிகிறதா?

திறக்கும் முன்

தேதியைப் பாருங்கள். காலாவதிக்கு இன்னும் எத்தனை நாள் என்பதோடு, தயாரித்து எவ்வளவு நாளாயிற்று என்பதையும் பாருங்கள். கெட்டுப்போகாமல் இருப்பது ஒன்று, வாசனையோடு இருப்பது ஒன்று. தேதி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே காபியின் மேல்வாசனை போயிருக்கலாம். ஒரே அலமாரியில் இரண்டு தேதி இருந்தால் புதியதை எடுங்கள், அது பின்வரிசையில் இருக்கும். வெளிச்சம் நேராக விழும் முன்வரிசையில் தெளிந்த கண்ணாடி பாட்டிலில் நிற்கும் பால் காபியை நான் எடுப்பதில்லை. பாலில் உள்ள ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் வெளிச்சத்தை உறிஞ்சிக்கொண்டு பாலின் புரதத்தையும் கொழுப்பையும் கெடுக்கும். அதில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும்.

உலோக மூடி போட்ட கண்ணாடி பாட்டில் என்றால் மூடியின் நடுவில் விரலை வையுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதால் அது லேசாகக் குழிந்து, அசையாமல் இருக்க வேண்டும். அழுத்தினால் டிக் டிக் என்று மேலும் கீழும் போனால் மூடியின் பிடி விட்டிருக்கிறது, அந்தப் பாட்டில் வேண்டாம். மூடி உப்பியிருந்தாலும், வாயு சேர்க்காத காபியைத் திறக்கும்போது உஸ் என்று வாயு வெளியேறினாலும், ருசி பார்க்காமலே கொட்டிவிடுங்கள்.

அடுத்து கழுத்துப் பகுதி. பால் கலந்த பாட்டிலின் கழுத்தில் வெள்ளையாக ஒரு வளையம் ஒட்டியிருந்தால் அது பாலின் கொழுப்பு. மேலே மிதந்துவந்து குளிரில் இறுகியிருக்கிறது, கெட்டதல்ல. அதைக் குலுக்கிக் கரைக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குலுக்கினால் இறுகிய கொழுப்பு உடைந்து சின்னச் சின்னத் துணுக்காக மிதக்கும், நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். கழுத்தை உள்ளங்கையால் இரண்டு நிமிடம் பொத்திப் பிடித்துக்கொண்டு, அப்புறம் தலைகீழாக்கி நிமிர்த்தி, தலைகீழாக்கி நிமிர்த்தி மெதுவாகக் கலக்குங்கள். வளையம் கண்ணெதிரே கரையும். அதன் பிறகும் அடியில் தயிர்த் திரள் போலத் துகள்கள் நின்றால் அது பிரிந்துபோன பால், குடிக்க வேண்டாம். கறுப்புக் காபியின் அடியில் மெல்லிய பழுப்பு வண்டல் இருப்பது சாதாரணம். குளிர்ந்த தண்ணீரில் பல மணி நேரம் ஊறவைத்து வடிக்கும் கோல்டு ப்ரூவில் நிறையவே இருக்கும்.

நைட்ரஜன் ஏற்றிய வகைகளுக்கு இந்தக் குலுக்கல் பொருந்தாது. அவை பெரும்பாலும் டப்பாவில் வரும். அதன் மேல் எழுதியிருப்பதுபோல் செய்துவிடுங்கள்.

இப்போது குடிக்கலாம்

பல் துலக்கியதும் உட்காராதீர்கள். பற்பசையில் இருக்கும் நுரைப்பொருள் நாக்கின் இனிப்பு உணர்வைக் கொஞ்ச நேரத்துக்கு மழுக்கி, கசப்பைத் தூக்கிக் காட்டும். வாயைச் சாதாரண தண்ணீரால் கொப்பளியுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

பாட்டிலோடு வாய் வைத்துக் குடிக்காமல் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொள்வது அவசியம். பாட்டிலின் சின்ன வாய் உதட்டால் அடைபட்டுவிடும், மூக்குக்கு எதுவும் போகாது. நாம் காபியின் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மணம்தான். டம்ளரில் பாதி அளவு ஊற்றி ஒரு சுற்று சுழற்றி மூக்கருகே கொண்டுபோங்கள். குளிர்ந்த காபியில் மணம் அடங்கியே இருக்கும். ஏதாவது ஒன்று, வறுத்த கொட்டையோ கொக்கோவோ கருகலோ, லேசாகத் தட்டுப்பட்டால் போதும். ஐஸ் போட வேண்டாம். இந்தக் காபியின் அடர்த்தியை அப்படியே குடிப்பதற்கென்று அமைத்திருக்கிறார்கள், ஐஸ் கரையக் கரைய அது மாறிக்கொண்டே இருக்கும்.

முதல் மடக்கை உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் பரவ விட்டு, பிறகு விழுங்குங்கள். குளிரில் முதலில் தெரிவது கசப்பும், வாயில் அது நடந்துகொள்ளும் விதமும். தண்ணியாக ஓடுகிறதா, கெட்டியாக நாக்கில் படிகிறதா, விழுங்கியபின் மேலண்ணத்தில் பசை மாதிரி எதுவும் நிற்கிறதா? இனிப்பைப் பற்றி இப்போது முடிவுக்கு வர வேண்டாம். நாக்கில் இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்ற, கதவு போலத் திறந்து மூடும் ஒரு புரதம் இருக்கிறது. வெப்பம் கூடக் கூட அது அதிகமாகத் திறக்கும் என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. குளிரில் அது சோம்பிக் கிடக்கும். குளிர்ந்த பானத்தில் சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் நமக்கு உறைக்காமல் போவதும், உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதனால்தான்.

மூன்று நாலு மடக்கு குடித்துவிட்டு டம்ளரை அப்படியே மேஜையில் வைத்துவிடுங்கள். வெளிப்பக்கம் பூத்த நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக வழிந்து, டம்ளரின் அடியில் ஈர வட்டம் விழும்வரை காத்திருங்கள். அறையின் சூட்டைப் பொறுத்து கால் மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகும். அதற்குள் காபி 15 டிகிரியைத் தாண்டியிருக்கும். இப்போது மறுபடி முகருங்கள், மறுபடி ஒரு மடக்கு.

இங்கேதான் கதை மாறும். நல்ல காபி என்றால் மணம் விரிந்திருக்கும், முன்பு கசப்பாக மட்டும் தெரிந்ததற்குள் பழச்சாயலோ சாக்லேட் சாயலோ எட்டிப் பார்க்கும். சுமாரான காபி இந்த இடத்தில் தட்டையாகிவிடும். சர்க்கரை முன்னுக்கு வந்து நிற்கும், பின்னால் காபி என்று எதுவும் இருக்காது. சூடு அதிகம் பட்ட பால் காபியில், பாலை அடுப்பில் மறந்துவிட்டால் வரும் அந்தக் காய்ந்த பால் வாடை வரும். பால் புரதத்திலிருந்து வெளிவரும் கந்தகச் சேர்மங்கள் அதற்குக் காரணம். சிலருக்கு அந்த வாடை பிடிக்கும், காரமெல் மாதிரி இருக்கிறது என்பார்கள். பிடித்திருந்தால் சந்தோஷமாகக் குடியுங்கள். ஆனால் அது காபிக்கொட்டையின் மணமல்ல, அடுப்பின் மணம் என்று தெரிந்து குடியுங்கள்.

புளிப்பைப் பிரித்தறிவது கொஞ்சம் பழக்கம் கேட்கும். கொட்டையோடு வந்த புளிப்பு நாக்கின் ஓரங்களில் சுறுக்கென்று வந்து, எச்சில் ஊறவைத்துவிட்டு உடனே விலகும். பாட்டிலில் கிடந்து வந்த புளிப்பு மந்தமாக வரும், தொண்டைப் பக்கம் போய் நிற்கும், கூடவே ஒரு துவர்ப்பும் இருக்கும். காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலமும் அதன் கூட்டாளிகளும் சூட்டிலும் நாள்பட்டும் உடைந்து குயினிக் அமிலமாக மாறுவதால் வருவது இது. கறுப்புக் காபியில் இதைப் பார்த்தால் பாட்டில் வயதானது, அல்லது எங்கோ வெயிலில் நின்றிருக்கிறது.

மாற்று இனிப்பு சேர்த்த காபியில் விழுங்கியபின் மனதுக்குள் இருபது எண்ணுங்கள். சர்க்கரையின் இனிப்பு அதற்குள் வடிந்துவிடும். சுக்ரலோஸும் ஸ்டீவியாவும் அப்போதும் நாக்கில் தங்கியிருக்கும். குளிர்ந்த முதல் மடக்கில் இது அவ்வளவாகப் பிடிபடாது.

இரண்டு பாட்டில்களை ஒப்பிட வேண்டுமா? லேபிளைப் பார்த்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள், கண் நாக்கை ஏமாற்றும். எங்கள் ஆலையில் செய்வதை வீட்டிலேயே செய்யலாம். மூன்று டம்ளர், இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. வேறொருவர் ஊற்றித் தர வேண்டும், எது தனி என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். என் தங்கைக்கு ஒரு குறிப்பிட்ட பால் காபிதான் உயிர். பக்கத்தில் இருக்கும் இன்னொன்றைத் தொடக்கூட மாட்டாள். அவளுக்கு இப்படி மூன்று டம்ளர் ஊற்றி நீட்டினேன். குடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, மூணும் ஒண்ணுதானே, என்னை வச்சு விளையாடுறியா?" என்றாள். "அப்படியே வை, கொஞ்ச நேரம் கழிச்சுக் குடி" என்றேன். டம்ளர்கள் வியர்த்து வழிந்து முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று குடித்தாள். இந்த முறை நடு டம்ளரை முகத்துக்கு அருகே கொண்டுபோனதுமே நிறுத்திவிட்டாள். "இதுல பால் தீய்ஞ்ச வாசம் வருது." சரியாகச் சொன்னாள், அதுதான் தனி. அவளுடைய உயிரான காபியும் அதேதான். இன்றைக்கும் அவள் அதைத்தான் வாங்குகிறாள், அந்த வாசம்தான் தனக்குப் பிடிக்கிறது என்று இப்போது தெரிந்தே வாங்குகிறாள். எனக்கு அது பெரிய நிறைவு.

எந்த நேரத்தில் குடிப்பது?

குளிர்ந்து இனிப்பாக இருப்பதால் இதைக் குளிர்பானம் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இருப்பது காஃபின். எவ்வளவு என்பது பல பாட்டில்களில் எழுதியே இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் உள்ள பானங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயம், ஆனால் பெயரிலேயே காபி என்று இருக்கும் காபி பானத்துக்கு விலக்கு உண்டு. எழுதாத இடத்தில் நீங்களே தோராயமாகக் கணக்கிடலாம். இன்ஸ்டன்ட் காபித் தூள் ஒரு கிராமுக்குச் சுமார் 30 மில்லிகிராம். மேலே சொன்ன 3 கிராம் பாட்டில் என்றால் 90 மில்லிகிராமை ஒட்டி வரும். ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் உண்டு, அதனால் கொட்டையின் பெயர் போட்டிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன அளவு இது: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே நேரத்தில் 200 மில்லிகிராம், நாள் முழுவதும் சேர்த்து 400 மில்லிகிராம் வரை கவலையில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் நாளுக்கு 200. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். அதாவது 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 60-தான். வீட்டில் பிள்ளைகள் எடுத்துக் குடிக்கிற மாதிரி ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள்.

உடலில் புகுந்த காஃபினில் பாதி வெளியேறவே பொதுவாக ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். அதனால் புதுப் பாட்டிலைச் சோதித்துப் பார்க்க நல்ல நேரம் முற்பகல். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனும் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பாட்டிலைத் திறந்துவிட்டு, தூக்கம் வரவில்லையே என்று புரள வேண்டாம்.

மீதி இருந்தால்

திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, லேபிளில் போட்டிருக்கும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள். எதுவும் போடவில்லையென்றால் பால் கலந்ததை மறுநாளுக்குள் முடிப்பது என் வழக்கம். வாய் வைத்துக் குடித்த பாட்டில் என்றால் அன்றைக்கே. டம்ளரில் ஊற்றச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். பால் காபி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்துவிட்டால் கொட்டிவிடுங்கள், வெயில் 32 டிகிரிக்கு மேல் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரமே அதிகம். நான் மேலே சொன்ன கால் மணி நேரக் காத்திருப்பு இந்தக் கணக்குக்கு வெகுதூரம் உள்ளேதான் இருக்கிறது, பயம் வேண்டாம்.

சீக்கிரம் குளிரட்டும் என்று கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் அளவுக்கு விரியும், பாட்டில் கீறிவிடும். ஐஸும் தண்ணீரும் நிரப்பிய பாத்திரத்தில் கழுத்துவரை முக்கி வையுங்கள், அது ஃபிரிட்ஜைவிட வெகு சீக்கிரம் குளிர வைக்கும்.

குடித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்று ஆகிவிட்டால் கொட்ட மனம் வராது, எனக்கும் வராது. திகட்டும் இனிப்புக் காபியை வாங்கிவந்த அந்தக் கறுப்புக் காபியோடு பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள், பல நேரம் இரண்டுமே தேறிவிடும். கறுப்புக் காபி கசந்தால் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக உப்பு போடுங்கள், கசப்பு அடங்கும். அதுவும் சரிப்படவில்லையென்றால் ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, குளிர்ந்த பாலில் நாலு கட்டி போட்டுக்கொள்ளுங்கள். பால் நீர்த்துப் போகாமல், கரையக் கரையக் காபி ஏறிக்கொண்டே போகும். தட்டை மூடியே வையுங்கள், ஃப்ரீசரில் இருக்கும் மற்றவற்றின் வாடையைக் காபி வெகு சீக்கிரம் இழுத்துக்கொள்ளும்.